தனதல்லாத கட்டில்

பாரிஸ் மாநகரில் தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகைக்கு விடப்படும் வீட்டில் என்னென்ன இருந்தே ஆகவேண்டும் என்பதைப் பிரெஞ்சு அரசாங்கம் 2015 ஜூலை 31ஆம் தேதி ஆணையில் வரையறுத்திருக்கிறது. போர்வையோடு கூடிய படுக்கை, படுக்கையறைச் சாளரத்தில் ஒளியை மறைக்கும் திரை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, உண்கலங்கள், மேசை, நாற்காலி, விளக்கு, வீட்டைத் துப்புரவு செய்யும் கருவிகள் என்று 11 இனங்கள் அதில் உள்ளன. ஒரு மனிதன் கௌரவமாக வாழ எவ்வளவு போதும் என்ற பழைய கேள்விக்கு ராஜாங்கம் தந்த விடையாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தக் கேள்விக்குத் துறவிகள் முன்னமே விடை கண்டிருக்கிறார்கள். பௌத்த பிக்ஷுவுக்கு மூன்று சீவர ஆடைகளும், பிக்ஷா பாத்திரமும், ஊசியும், நீர் வடிகட்டியும் உள்ளிட்ட எட்டுப் பொருள்களே உரியவை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் தம் மடத்துக்கு வகுத்த விதிகளோ, எவரேனும் தனியுடைமை எதையும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று மடத்தலைவர் படுக்கைகளை அடிக்கடி சோதிக்கவேண்டும் என்கின்றன. துறவியின் பட்டியல் இதற்கு மேல் கூடாது என்கிறது. அரசின் பட்டியல் இதற்குக் கீழ் கூடாது என்கிறது. இரண்டுமே நியாயமானவை, ஏனெனில் வறுமையைத் தானே வரித்துக்கொள்பவன் வேறு, அது பிறரால் சுமத்தப்படுபவன் வேறு.

ஆயினும் பொருள் தனதல்லாததனாலேயே பற்று நீங்கிவிடுமா? முன்பின் அறியாத நால்வர் கூடி வாழும் ஒரு வீட்டில், கட்டிலும் கலங்களும் வீட்டுக்காரருடையவையாகவே இருந்தும், குளிர்சாதனப் பெட்டியின் இரண்டாம் தட்டு என்னுடையது, சாளரத்தருகே உள்ள நாற்காலி என்னுடையது என்று சில வாரங்களுக்குள்ளேயே எல்லைகள் எழுந்துவிடுகின்றன. ராஜ்யத்தை ஆண்டுகொண்டே எதையும் தனதென எண்ணாதிருந்த ஜனகரைப் பற்றி நம் சாஸ்திரங்கள் பேசுகின்றன. அவருக்கு நேர்மாறாக, ஒன்றையும் உடையவனாக இல்லாமலே ‘எனது’ என்னும் மமகாரத்தில் மூழ்கிவிடவும் மனிதனால் முடியும். ஆகவே மமகாரத்தின் வேர் உடைமையில் இல்லை.

உடைமையின்மை பொறுப்பிலிருந்து விடுதலையும் அன்று. சங்கத்துக்குரிய கட்டிலை வெட்டவெளியில் போட்ட பிக்ஷு, அதை எடுத்து வைக்காமலோ பிறரிடம் ஒப்புவிக்காமலோ புறப்பட்டுப் போவது குற்றம் என்று பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகம் விதித்திருப்பது எனக்கு மிகவும் உயர்ந்த தர்மமாகப் படுகிறது. பிரெஞ்சுச் சட்டத்திலும் அதன் சாயல் உண்டு: ஒரு வீட்டைக் கூட்டாக வாடகைக்கு எடுப்போர் எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, அதில் கூட்டுப் பொறுப்பு விதியும் இருக்குமானால், ஒருவர் செலுத்தத் தவறிய வாடகைக்கு மற்றவரும் கடமைப்படுகிறார், முறைப்படி அறிவித்து வெளியேறியவர்கூட, தமக்குப் பதிலாக வேறொருவர் ஒப்பந்தத்தில் சேராதவரையில், அறிவிப்புக் காலத்துக்குப் பின்னும் ஆறு மாதம் வரை அப்பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. அந்நியன் ஒருவனுக்காகப் பிணை நிற்பது சிறிய காரியமா?

இத்தகைய வீட்டைத் தேடிச் செல்பவரை அங்கு ஏற்கெனவே வசிப்பவர்கள் வினவியே ஏற்றுக்கொள்கிறார்கள். அயலானை நேசி என்று உபதேசிக்கும் மதம் வேரூன்றிய நாட்டில் அயலானைத் தேர்ந்தெடுப்பது தகுமா? பாத்திரம் கழுவும் ஒழுங்கையும், இரவில் சத்தமின்றி இருக்கும் வழக்கத்தையும், விருந்தினர் வருகையையும் விசாரிப்பது தகும். பெயரையும் நிறத்தையும் பார்த்துக் கதவடைப்பது சட்டத்துக்கும் தர்மத்துக்கும் ஒருங்கே விரோதம். தம்மைப்போன்ற இன்னொருவரையே நாடுவது குற்றமன்று. ஆனால் அங்கே அயலான் என்று ஒருவன் இல்லாமலே போகிறான். எனவே அறையின் அகலத்தை அளப்பதற்கு முன், எல்லாரும் சமைக்கும் மாலை வேளையில் அந்தச் சமையலறையில் சற்று நேரம் இருந்து, பொதுவான பாத்திரங்களை அவர்கள் எவ்வாறு கையாளுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, கூட்டுப் பொறுப்பு விதியை ஒருமுறைக்கு இருமுறை வாசித்த பின்னரே கையொப்பமிடலாம்.