நிறுத்துதலும் ஒரு செயலே

தொடங்கிய வினையை இடையில் நிறுத்துவது கோழைத்தனம் என்பாரும், துணிவாவது முன்செல்லுதல் ஒன்றே என்பாரும் நம்மிடையே பலர். அவர் கூற்று எத்துணை உண்மையுடையது என்பதை, வானாராய்ச்சிக்காக விடப்படும் பெரும் பலூனைக் கொண்டு ஆராய்வோம்.

அப்பலூனின் உறை மிக மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஆயது. ஹீலியம் வாயுவைத் தலைப்பகுதியில் மட்டுமே நிரப்புவர். மேலே காற்றழுத்தம் குறையக் குறைய, வாயு விரிந்து உறை முழுவதையும் நிறைக்கும். கருவிகள் கீழே பாரந்தூக்கி வண்டியொன்றில் தொங்கும். பலூன் அவற்றிற்கு நேர்மேலே வரும் நொடியில் வண்டி அவற்றை விடுவித்தல் வேண்டும். தரைக்காற்றுச் சற்று வலுத்தாலும் காரியம் கெடும். ஆதலின், யாவும் ஆயத்தமான பின்னரும் அன்றைய முயற்சியைக் கைவிடுதல் அங்கே வழக்கம்.

2010 ஏப்ரல் 29இல், ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நாசா நிறுவனத்தின் பலூனொன்று காமாக் கதிர்த் தொலைநோக்கி ஒன்றைத் தாங்கி எழ முயன்றது. கருவி உரிய நொடியில் விடுபடவில்லை. பின்னர் விடுபட்டுத் தரையில் இழுபட்டு, வேலியை உடைத்து, நின்றிருந்த கார் ஒன்றைக் கவிழ்த்தது. வேடிக்கை பார்க்க வந்தோர் மயிரிழையில் தப்பினர். பல்லாண்டு உழைப்பு நொடியில் நொறுங்கிற்று.

பழியைக் காற்றின்மேற் போடுதல் எளிது. விசாரணைக் குழுவோ அவ்வாறு செய்யவில்லை. அபாயங்களை முன்னரே ஆராய்ந்ததும், ஊழியர்க்கு அளித்த பயிற்சியும், பொதுமக்களுக்குச் செய்த பாதுகாப்பும் போதா என்றே அது கூறிற்று.

அஞ்சி அஞ்சி நின்றால் அறிவு வளருமோ என்று கேட்கலாம். 1912இல் விக்டர் ஹெஸ் என்னும் அறிஞர் பலூனில் தாமே ஏறி, 5,000 மீட்டருக்கு மேற் சென்று, விண்ணிலிருந்து வரும் கதிர்களைக் கண்டறிந்தார். அவர் பணயம் வைத்தது தம் உயிரை, அது துணிவே. வேலியோரம் நின்றவரின் உயிரை, அவரைக் கேளாமலே பணயம் வைப்பதோ துணிவாகாது.

நொறுங்கிய கருவியின் வழிவந்த தொலைநோக்கியொன்று 2016 மே 17இல் நியூஜிலாந்தின் வானக்காவிலிருந்து எழுந்தது. வானிலை இசையாமையால் பன்முறை ஒத்திவைத்த பின்னரே அதை விட்டனர். அது 46 நாள் பறந்து பெரு நாட்டில் இறங்கிற்று.

யாவும் ஆயத்தமாய் நிற்க, "இன்று வேண்டா" என்று சொல்வோனுக்கு மாலையிடுவார் இலர். அவனாற் காக்கப்பட்டோர் தாம் காக்கப்பட்டதையே அறியார். அறியாவிடினும், அவன் செய்ததும் செயலே, துணிவுடைய செயலே.