எந்தப் பச்சை?

அவருடைய பென்சில் டப்பாவுக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு முட்கொடித் துண்டு கிடக்கிறது. போட்டு எட்டு மாதமாகிறது. பச்சை வெளிறிக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது, ஒட்டியிருந்த ஒற்றை இலையும் பொடிந்துபோனது. முள் மட்டும் அப்படியே இருக்கிறது. கொக்கி போலப் பின்பக்கம் வளைந்த முள். பென்சிலை எடுக்கக் கைவிடும்போதெல்லாம் ஒரு தரம் குத்துகிறது. தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் தென்பகுதியில், சர்ரே மாவட்டத்துக் காடு ஒன்றில் சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரியன்டியரிங் பந்தயம் நடந்தது. கையில் வரைபடம், திசைகாட்டி. காட்டுக்குள் ஆங்காங்கே தொங்கும் ஆரஞ்சு வெள்ளைக் கொடிகளை வரிசை மாறாமல் தேடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் பாடு. பத்து வயதுப் பிள்ளைகளும் ஓடுவார்கள், எண்பது வயதுக்காரர்களும் ஓடுவார்கள், வயதுக்கு ஒரு பிரிவு உண்டு. அவர் அன்று ஓடவில்லை. அந்தக் காட்டின் வரைபடத்தை வரைந்தவர் அவர்.

பந்தயம் முடிந்த பிறகு எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி அவர் இருந்த மேசைக்கு வந்தார். கால்சட்டை முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. துணியில் சிக்கியிருந்த முட்கொடியைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து மேசைமேல் வைத்தார். வரைபடத்தில் நகக்கண் அளவு இருந்த ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இதற்கு உள்ளே போய்ப் பார்த்தீர்களா?”

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். அவர் “பார்த்தேன்” என்றார். பெண்மணி தலையசைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விட்டார்.

பார்த்தது உண்மை. உள்ளே போனது உண்மை இல்லை.

அவர் அந்த இடத்தை வரைந்தது பிப்ரவரியில். ஓரத்தில் நின்று பார்த்தார். பழுப்பாகக் காய்ந்து தரையோடு படுத்துக் கிடந்த பெரணித் தழை, நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொடி, மறுகரையில் நின்ற பைன் மரங்கள்வரை தெளிவாகத் தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. இடைவெளி விட்ட பச்சைக் கோடுகளைப் போட்டுவிட்டு அடுத்த சரிவுக்கு நகர்ந்தார்.

ஓரியன்டியரிங் வரைபடத்தில் நாம் பழகிய அர்த்தத்தில் பச்சை கிடையாது. நல்ல காடு அதில் வெள்ளையாக இருக்கும், தடையில்லாமல் ஓடலாம் என்று பொருள். பச்சை என்றால் தொல்லை. பச்சை அடர அடரத் தொல்லை கூடும். சர்வதேச விதிநூல் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. வெளிர்பச்சை என்றால் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 விழுக்காடு. நடுப்பச்சைக்கு 20 முதல் 60. கரும்பச்சை என்றால் 20 விழுக்காட்டுக்கும் கீழே. அந்தக் கரும்பச்சைக்கு விதிநூல் சூட்டியிருக்கும் பெயருக்குத் தமிழில் ‘சண்டை’ என்றுதான் பொருள். பார்வைக்குத் திறந்திருந்தும் காலுக்குத் தடையாக இருக்கும் புதர்களுக்குப் பச்சைக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருந்தால் நடக்கத்தான் முடியும், விலகியிருந்தால் மெதுவாக ஓடலாம். அவர் போட்டது விலகிய கோடு.

ஜூன் மாதத்தில் அந்த இடம் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. பிராக்கன் என்று அங்கே சொல்லும் பெரணி, குளிர்காலத்தில் மடிந்து, வசந்தத்தின் முடிவில் நிலத்தடித் தண்டிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்பும். கோடையில் நெஞ்சளவு வளரும், சில இடங்களில் ஆள் மறையும். உண்ணி ஒட்டிக்கொள்வதற்கும் ஏற்ற இடம். அதற்கு அடியில் பிராம்பிள். கறுப்புப் பழம் காய்க்கும் முட்கொடி. வில்லாக வளைந்து போய், நுனி மண்ணைத் தொட்ட இடத்திலேயே வேர் விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு கொடியும் இரு முனையும் கட்டிய கயிறு. மேலே பெரணி மறைத்துக்கொள்ள, கீழே கயிறு காத்திருக்கிறது. இளைஞன் என்றால் முழங்காலை உயரத் தூக்கித் தாண்டிப் போவான். எழுபது வயதில் முழங்கால் அவ்வளவு உயராது.

இங்கேதான் அவருக்கு முதல் சிக்கல். அறுபது விழுக்காடு என்றால் யாருடைய அறுபது?

இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1897இல் நார்வேயின் ஓஸ்லோ நகருக்கு அருகே நடந்த முதல் பொதுப் பந்தயத்தில் எட்டுப் பேர் ஓடினார்கள். 1919இல் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற ராணுவ அதிகாரி நடத்திய பந்தயத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கையில் இருந்தவை பொதுப் பயன்பாட்டு நில வரைபடங்கள். மலை எங்கே, ஆறு எங்கே என்று காட்டும். புதர் எப்படி என்று சொல்லாது. காலில் பட்டால் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்த விளையாட்டுக்கென்றே வண்ணத்தில் வரைபடம் அச்சிடுவது பிற்பாடு, 1950 வாக்கில் நார்வேயில் தொடங்கி மெல்லப் பரவியது. முள்ளைப் பற்றி முன்கூட்டியே ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லலாம் என்ற எண்ணம் அதன்பின்தான் வேர்விட்டது.

முள் சின்ன விஷயமும் இல்லை. 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் ஸ்வீடனின் ஓரியன்டியரிங் வீரர்களிடையே மஞ்சள் காமாலை பரவியது, ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு. ரத்தத்தின் வழியே தொற்றும் வகை. காட்டில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள் ஒரே தண்ணீரில் கழுவிக்கொண்டதும், ஒருவர் ரத்தம் பட்ட கிளை இன்னொருவரைக் கீறியதும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். உடம்பை மூடி உடுத்த வேண்டும் என்ற விதி அப்படித்தான் வந்தது. அந்தப் பெண்மணியின் கிழிந்த கால்சட்டை ஒரு பழைய நோயின் ஞாபகம்.

வரைபடம் வரைந்தவர் பிறந்தது சிறுமலை அடிவாரத்தில், திண்டுக்கல் பக்கம். அவருடைய அப்பத்தா மலைக்கு விறகுக்குப் போவாள். அவளிடம் தூரத்தைக் கேட்டால் மைலில் சொல்ல மாட்டாள். “ஒரு வெத்தல போட்டு மெல்லுற நேரம்” என்பாள். உண்ணிச்செடி மண்டிய ஓடையைத் தாண்டிப் போகும் வழி ஒன்று உண்டு. அதைக் கேட்டால் அவளே திருப்பிக் கேட்பாள்: “போகும்போதா, வரும்போதா?” போகும்போது கை வீசிக்கொண்டு போகலாம், அரை வெற்றிலை நேரம். வரும்போது தலையில் சுமை. குனிய முடியாது, கொப்பை விலக்கக் கையும் இருக்காது. “வரும்போது ரெண்டு வெத்தல சாமி.” மழைக்கு முந்தியா பிந்தியா என்றும் கேட்பாள். காலில் செருப்பு இருக்கா என்று பார்ப்பாள். அத்தனையும் கேட்ட பிறகுதான் வழி சொல்வாள்.

வழி கேட்டவரைப் பார்த்து வழி சொன்னவள் அவள். அச்சிட்ட வரைபடத்துக்கு யாரையும் பார்க்க வாய்ப்பில்லை. இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வருகிறது: வாய்ப்பில்லை என்பதைச் சாக்காகச் சொல்கிறோமோ?

பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரம் அவருக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். ஊர்ப்பெயர் வந்ததால் ஒரு பகுதி மட்டும் மறக்கவில்லை. உறையூரை விட்டு மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். அவன் வழி சொல்கிறான். கொடும்பாளூரைத் தாண்டியதும் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் காய்ந்த கொடுங்காடு, அதற்கப்பால் வாழையும் மாவும் பலாவும் செறிந்த சிறுமலை. இடப்பக்கம் போனால் வயலும் சோலையும் கடந்து திருமால் குன்றம், அங்கே ஒரு குகை, மூன்று பொய்கைகள். நடுவழி நல்ல வழி, ஊர்கள் உண்டு, நிழல் உண்டு. ஆனால் அங்கே ஒரு கானுறை தெய்வம் இருக்கிறது. பயமுறுத்தாது, துன்பமும் செய்யாது. இனிமையாக வந்து நின்று தடுக்கும். அவர்கள் நடுவழியில்தான் போகிறார்கள். தண்ணீர் தேடிப் போன கோவலன் முன்னால் மாதவியின் தோழி வயந்தமாலை உருவத்தில் அந்தத் தெய்வம் வந்து நிற்கிறது.

இதே காடுகாண் காதையில்தான் பாலையைப் பற்றிய பேச்சும் வருகிறது. பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நல்லியல்பு இழந்து கொள்ளும் வடிவம் அது என்று. தமிழாசிரியர் பரீட்சைக்காக அடிக்கோடு போடச் சொன்ன இடம். அப்போது மனப்பாடம் செய்தார். பிப்ரவரியில் நடக்க விடுகிற நிலம் ஜூனில் நடக்க விடாது என்பதை அவர் முதன்முதலில் படித்தது அங்கேதான் என்று, முட்கொடித் துண்டை உருட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் தோன்றியது. ஆனால் மறையோனுக்கு அந்தத் தெய்வம் இருப்பது தெரிந்திருந்ததே, அவன் நடுவழியில் நடந்திருப்பானோ? கேள்விப்பட்டதைச் சொன்னானோ? நூலில் அதற்கு விடை இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ஒரு வரைபடக் கோட்டுக்கு இத்தனை யோசனை தேவையா என்று அவர் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் யோசித்துக்கொண்டிருந்தது தம்பியைப் பற்றி.

பல வருடங்களுக்கு முன்னால் தம்பி போனில் கேட்டான், “நானும் அங்க வந்துரலாமாண்ணே? எப்படி இருக்கும்?” அவர் சொன்னார், “கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்டா, சமாளிச்சுக்கலாம்.” விலகிய பச்சைக் கோடு. தம்பி வந்தான். கிடங்கில் இரவு வேலை, ஓர் அறையில் நான்கு பேர், வெளிச்சமே இல்லாத நவம்பர். இரண்டே வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டான். அண்ணனைக் குறை சொன்னதே இல்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை. அவருக்குக் கொஞ்சம்தான் கஷ்டமாக இருந்தது. படிப்பு முடித்து, வேலை கையில் இருந்து, வேறு பருவத்தில் வந்தவர் அவர். “உள்ளே போய்ப் பார்த்தீங்களா அண்ணே?” என்று தம்பி ஒருநாள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

பயந்து எல்லாவற்றையும் கரும்பச்சையாகத் தீட்டிவிடவும் முடியாது. அப்படி வரைந்தால் யாரும் காட்டுக்குள் நுழைய மாட்டார்கள், பாதையிலேயே ஓடித் திரும்புவார்கள். காட்டின் நல்ல பகுதியும் சேர்ந்து அழிந்துபோகும். தம்பிக்கு “வராதே” என்று சொல்லியிருந்தால், அது அவன் வாழ்க்கையில் ஒரு கதவைத் தானே சாத்தியதாகும். எச்சரிக்கை கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. அந்தப் பெண்மணி வருத்தப்பட்டது முள்ளுக்காக அல்ல என்றே அவர் நினைக்கிறார். முள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒருவேளை அவரே விரும்பி அந்த வழியாகப் போயிருக்கலாம். சொல்லாமல் விட்டதுதான் அவருக்கு உறுத்தியிருக்கும். இதுவும் ஊகம்தான், அவரிடம் கேட்கவில்லை.

இந்த பிப்ரவரியில் வரைபடத்தைத் திருத்த அவர் மறுபடி அந்த இடத்துக்குப் போனார். எல்லாம் போன வருடம் போலவே பழுப்பாகப் படுத்துக் கிடந்தது. மறுகரை பைன் மரங்கள் தெளிவாகத் தெரிந்தன. இந்த முறை உள்ளே இறங்கினார். அடி எண்ணிக்கொண்டு குறுக்கே நடந்தார். கொடி நான்கு இடத்தில் காலைப் பிடித்தது. விழவில்லை. மறுகரைக்கு வந்து நேரத்தைப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. நெருங்கிய கோடு போதும் என்று தோன்றியது. ஜூனை நினைத்தால் கரும்பச்சை என்று தோன்றியது. அடுத்த பந்தயம் எந்த மாதத்தில் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

பைன் மரத்தடியில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பென்சிலை எடுக்க டப்பாவுக்குள் கைவிட்டார், குத்தியது. நகக்கண் அளவு இடத்தைச் சுற்றி மெல்லிய எல்லைக்கோடு மட்டும் போட்டார். உள்ளே எந்தப் பச்சை என்பதைக் காலியாக விட்டுவிட்டு எழுந்தார்.