குறையும் துணையும்

வரதய்யபாளையத்திலிருந்து வடமேற்கே சிறிது நேரம் பயணம் செய்தால் திருக்காளத்தியை அடைந்துவிடலாம். ஸ்ரீகாளஹஸ்தி என்று இன்று வழங்கும் அத்தலத்தில் வாயுலிங்கமாக விளங்கும் ஈசனைத் தரிசித்தோர், அருகிலுள்ள குன்றின்மீது ஏறிக் கண்ணப்பரையும் வணங்குவர். வேடராகிய திண்ணனார், குருதி வழிந்த இறைவனின் கண்ணில் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அவ்வரலாற்றில் ஒரு சிறு செய்தியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். இரண்டாவது கண்ணையும் பெயர்க்கத் துணிந்தபோது, 'பார்வை முற்றும் போனபின் இறைவனின் கண் இருக்கும் இடம் தெரியாதே' என்று அவர் எண்ணினார். ஆதலால் தம் காலை அவ்விடத்தில் ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார். அன்பின் எல்லையை அங்கே காண்கிறோம். அதனோடு தெளிவான ஓர் ஏற்பாட்டையும் காண்கிறோம். கண் செய்யவேண்டிய பணியைக் கால் ஏற்றுக்கொண்டது.

உடலில் பெருங்குறையோடு கலைவாழ்வை மேற்கொண்டவர்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தக் காட்சி நினைவுக்கு வருகிறது. அவர்களைக் கண்டதும் நம் வாயிலிருந்து வரும் சொற்கள் மூன்று. ஒன்று, 'ஐயோ பாவம்'. மற்றொன்று, 'அற்புதம்'. மூன்றாவது, தாழ்ந்த குரலில் சொல்லப்படும் 'முன்வினை'. பார்வையற்ற ஒருவர் பாடி முடித்தால், அவருடைய மன உறுதியைப் புகழ்ந்து பொன்னாடை போர்த்துகிறோம். அவர் பாடிய இராகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரக்கம், வியப்பு, வினை ஆகிய இம்மூன்று சொற்களும் ஒரே வேலையைச் செய்கின்றன. அவை அந்த மனிதரை நம்மிடமிருந்து தள்ளி வைக்கின்றன. அப்படித் தள்ளி வைப்பது அறமாகுமா என்பதே இங்கு நம் வினா.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இதற்கு விடை சொல்கிறார். பொறி இல்லாமை எவர்க்கும் இழிவாகாது. அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே இழிவு என்பது அவர் கருத்து. 'பொறி' என்பதற்கு ஊழ் என்றும், உடலுறுப்பு என்றும் உரைகள் உண்டு. எந்த உரையைக் கொண்டாலும் தீர்ப்பு ஒன்றே. குறை வினையால் வந்ததாயினும் சரி, பிணியால் வந்ததாயினும் சரி, குறையுடையவரைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஓவியரின் விரல்கள்

வங்காளத்தில் 1904ஆம் ஆண்டு பிறந்த வினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. அவர் ஓவியம் பயில விரும்பிச் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் 1919ஆம் ஆண்டு சேர்ந்தார். பார்வையற்றவருக்கு ஓவியமா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் நந்தலால் போஸ் அவரை மாணவராக ஏற்றார். இரவீந்திரநாத தாகூரும் தடை சொல்லவில்லை. பின்னர் வினோத் பிஹாரி அங்கேயே ஆசிரியராகவும் ஆனார்.

1946-47ஆம் ஆண்டுகளில் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் அவர் இடைக்கால அருளாளர்களின் வாழ்வைத் தீட்டினார். இராமானுசரும் கபீரும் துளசிதாசரும் சூர்தாசரும் அச்சுவர்களில் மக்கள் வெள்ளத்தினூடே நடந்து செல்கின்றனர். அது ஈரச்சுண்ணப் பூச்சின்மீது வரையும் முறையில் அமைந்தது. பூச்சு உலர்வதற்குள் அந்தப் பகுதியை வரைந்து முடித்தாக வேண்டும். தவறினால் அழித்துத் திருத்த இயலாது. அத்தனை பெரிய சுவரை ஒரே பார்வையில் அளந்து காணக்கூடிய கண்கள் அவருக்கு இல்லை. சிறு மாதிரிகளை மனத்தில் இருத்திக்கொண்டு, முழு அளவு வரைபடம் இன்றி, பகுதி பகுதியாகச் சுவரில் நேரே வரைந்து சென்றார். பின்னாளில் புகழ்பெற்ற கே.ஜி. சுப்ரமணியன் உள்ளிட்ட மாணவர்கள் அருகிருந்து உதவினர். இன்று அதனைக் காண்போர் இந்திய நவீன ஓவியத்தின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகவே அதனைப் போற்றுகின்றனர். அவருடைய கண்ணின் நிலையை அறியாதவருக்கும் அதன் சிறப்பு சிறிதும் குறைவதில்லை.

ஐம்பதைக் கடந்த வயதில், கண்புரை அறுவை சிகிச்சை ஒன்று பலிக்காமல், எஞ்சியிருந்த பார்வையும் அவரை விட்டு நீங்கியது. ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? ஆயினும் அவர் மீண்டும் கலாபவனம் வந்து கலை வரலாறு கற்பித்தார். காகிதத்தை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் உருவங்கள் அமைத்தார், சிற்பங்கள் செய்தார், தம் அனுபவங்களைச் சொல்ல, பிறர் எழுதிக்கொண்டனர். 1972ஆம் ஆண்டு, முற்றும் பார்வையற்ற நிலையில், கலாபவனச் சுவரில் ஓடுகளால் ஒரு பெரும் சித்திரத்தை உருவாக்கினார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1974இல் பத்மவிபூஷண் விருது வந்தது. 1980இல் அவர் மறைந்தார்.

இதனை 'அகக்கண் திறந்த அற்புதம்' என்று சொல்லி முடித்துவிட நம் மனம் விரைகிறது. சற்றுப் பொறுப்போம். அந்த விரல்கள் ஒரே நாளில் காணக் கற்றுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், மங்கிய ஒற்றைக் கண்ணோடு, கோட்டையும் வெளியையும் மனத்தில் பதித்துக்கொண்ட பயிற்சி அவற்றின் பின்னே இருந்தது. அலையும் மனத்தை அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் வசப்படுத்தலாம் என்று கீதாசாரியன் அருச்சுனனுக்கு உபதேசிக்கிறான். அருள் இறங்குவதற்கும் அப்பியாசம் என்னும் வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்காலை வெட்டிய உழைப்பைக் காணாமல் நீரை மட்டும் வியப்பது நன்றி மறத்தலாகும்.

தனித்து நிற்பவர் எவர்?

இங்கு மற்றோர் ஐயம் எழலாம். மாணவர் உதவினர், பிறர் எழுதித் தந்தனர் என்றால், அது அவருடைய சாதனை ஆகுமா?

தமிழ் இலக்கிய வரலாறு இதற்கு அழகிய விடையொன்றைத் தருகிறது. இரட்டைப் புலவர் என்று புகழ்பெற்ற இளஞ்சூரியர், முதுசூரியர் இருவருள் ஒருவர் பார்வையற்றவர்; மற்றவர் கால் முடமானவர். பார்வையற்றவர் தோள்மீது நடக்க இயலாதவர் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் தலந்தோறும் சென்றனர் என்பது மரபு. ஒருவர் பாடலின் முற்பகுதியைத் தொடங்க, மற்றவர் பிற்பகுதியை முடிப்பார். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் இவ்வாறு வந்தவை. அவற்றுள் எது எவர் பங்கு என்று எவரும் கணக்குக் கேட்டதில்லை.

சாங்கிய தத்துவமும் இதே உவமையைக் கையாள்கிறது. ஈசுவரகிருஷ்ணர் தம் சாங்கிய காரிகையில், காணும் புருஷனை முடவனுக்கும் இயங்கும் பிரகிருதியைக் குருடனுக்கும் ஒப்பிட்டு, இரண்டின் கூட்டுறவால் உலகம் தோன்றுகிறது என்கிறார். படைப்பின் மூலத்திலேயே துணை தேவைப்படுகிறது என்றால், ஒரு கலைஞர் துணை கொள்வதில் தாழ்வு எங்கே இருக்கிறது? வீணையைச் செய்த தச்சரும், சுருதி கூட்டியவரும், தாளம் போட்டவரும் இன்றி எந்த வித்துவான் மேடையேறினார்? நம் துணைகள் பழகிப்போனதால் கண்ணுக்குப் படுவதில்லை. அவர்களுடைய துணைகள் படுகின்றன. வேறுபாடு அவ்வளவே.

நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், திருச்சிராப்பள்ளி அருகே 1981இல் நேர்ந்த பேருந்து விபத்தையடுத்து, பதின்ம வயதில் ஒரு காலை இழந்தார். 1984இல் செயற்கைக்காலுடன் மீண்டும் மேடையில் ஆடினார். அவர் கதை 1985இல் 'மயூரி' என்ற தெலுங்குத் திரைப்படமாயிற்று. அவரே அதில் நடித்தார். அவருடைய மன உறுதியை நாடே அறியும். அவர் அணிந்த ஜெய்ப்பூர் காலை உருவாக்கிய கைவினைஞர் ராம்சந்திர சர்மாவையும் மருத்துவர் பி.கே. சேத்தியையும் அறிந்தவர் சிலரே. வெறுங்காலோடு நடக்கவும், சம்மணமிடவும், குந்தி அமரவும் வேண்டிய நம் நாட்டு வாழ்க்கையை எண்ணிப் பார்த்து அவர்கள் அதனை வடிவமைத்தனர். நடனமணியின் உறுதி இன்றி அந்தக் கால் ஆடியிராது. அந்தக் கால் இன்றி உறுதி மட்டும் மேடையேறியிராது.

நம் கடமை

'ஆத்மாவுக்கு ஊனமில்லை' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது சத்தியம். ஆனால் மண்டபப் படிகளில் ஏற முடியாமல் கீழே நிற்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு நாம் மேலே ஏறிச் சென்றால், வேதாந்தம் நம் சோம்பலுக்குப் போர்வையாகிவிடும். ஆத்மா ஒன்றே என்று உண்மையில் உணர்ந்தவருக்கு, அந்தப் படி தம் காலையே தடுப்பதாகத் தோன்ற வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குறையுடைய கலைஞர்க்கும் எழுத்தாளர்க்கும் வசதியும் ஆதரவும் நிதியுதவியும் அளிக்க வழி செய்கிறது. சட்டம் கதவைக் காட்டும். திறக்க வேண்டியவர்கள் நாமே. அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. மேடைக்கு ஒரு சாய்தளம் அமைக்கலாம். கேட்டு எழுதித் தர ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கற்க வரும் குழந்தையிடம் 'உன்னால் முடியுமா?' என்று கேட்பதை விட்டு, 'எப்படிச் செய்தால் உனக்கு எளிதாக இருக்கும்?' என்று கேட்கலாம். கச்சேரி முடிந்ததும் துணிவைப் புகழாமல் பாட்டைப் பற்றிப் பேசலாம். பிழை இருந்தால் மற்றவர்க்குச் சொல்வதுபோலவே அன்போடு சொல்லலாம். கலைஞரைக் கலைஞராக மதிப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

திண்ணனாருக்கு அடையாளம் வைக்கத் தம் கால் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. ஒருவருடைய கண் மறையும் இடத்தில் அடையாளமாக ஊன்ற ஒரு கால் தேவைப்படும்போது, அது நம்முடைய காலாக இருக்கட்டும்.