தட்சிணாயனத்தில் போனவர்கள்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் மார்கழி மாதத்தில் ஒரு சாவு நேர்ந்தால், திண்ணையில் கூடும் பாட்டிமார் இரண்டு விதமாகப் பேசுவது நான் சிறுவயது முதல் கேட்டுப் பழகிய விஷயம். போனவர் ஏகாதசியன்று போயிருந்தால், "வைகுண்ட வாசல் தெறந்து கெடக்கு, குடுத்து வெச்ச பிராணன்" என்பார்கள். அதே மார்கழியில் வேறொரு நாள் போயிருந்தால், "இன்னும் பத்து நாள் இருந்திருந்தா உத்தராயணம் பொறந்திருக்குமே" என்று அங்கலாய்ப்பார்கள். ஒரே மாதத்தைப் பற்றி, வாசல் திறந்திருப்பதாகவும் அடைத்திருப்பதாகவும் ஒரே வாய் சொல்வதிலுள்ள முரண்பாட்டை அவர்களில் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நானும் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் பேச்சுக்குச் சாஸ்திரத்தில் ஆதாரம் இல்லாமல் இல்லை. தை முதல் ஆனி முடிய ஆறு மாதம் உத்தராயணம், தேவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி முடிய தட்சிணாயனம், அவர்களுக்கு இரவு. அவ்விரவின் கடைசி யாமமே மார்கழி என்பதனால்தான் அம்மாதம் முழுவதும் கோயில்கள் இருட்டோடு நடை திறக்கின்றன. சாந்தோக்கியமும் பிருகதாரண்யகமும் தேவயானம், பித்ருயானம் என இரண்டு மார்க்கங்களைப் பிரஸ்தாபிக்கின்றன. கீதையின் எட்டாம் அத்தியாயம் அவ்விரண்டையும் அயனங்களோடு இணைத்து, முன்னதில் சென்றவன் திரும்புவதில்லை, பின்னதில் சென்றவன் திரும்புகிறான் என்று வகுக்கிறது. பத்தாம் நாள் யுத்தத்தில் சாய்ந்த பீஷ்மர், வேண்டும்போது உயிர் துறக்கலாம் என்று தந்தையிடம் பெற்ற வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அம்புப் படுக்கையில் 58 இரவுகள் கிடந்து, சூரியன் வடக்கே திரும்பிய பிறகே கண்ணை மூடினார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஜாதி நாம். சனிப்பிணம் துணை தேடும் என்பதும், அவிட்டம் முதலிய ஐந்து நட்சத்திரங்களில் சாவு நேர்ந்தால் வீட்டையோ அறையையோ மாதக்கணக்கில் அடைத்துப் போடுவதும் அந்தப் பெரிய நம்பிக்கையின் சில்லறைகளே.

மார்கழியில் போனவர்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பீஷ்மரின் கதையை 'வியாசர் விருந்து' என்று தமிழர்க்குப் பரிமாறிய ராஜாஜி 1972 டிசம்பர் 25-ஆம் தேதி காலமானார். அவருக்கு ஆயுட்கால நண்பரும் கொள்கையில் ஆயுட்கால எதிரியுமான பெரியார் ஈ.வெ.ரா., 1924-இல் வைக்கத்தில் சிறை புகுந்தவர், அயனமும் இல்லை ஆத்மாவும் இல்லை என்று ஊரூராகச் சொல்லி வந்தவர், சரியாக ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், 1973 டிசம்பர் 24-ஆம் தேதி மறைந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே டிசம்பர் 24-ஆம் தேதி விடியுமுன் எம்.ஜி.ஆர். போனார்; கண்டியில் பிறந்தவராயினும் அவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் எங்கள் பக்கத்துக் கொல்லங்கோட்டை அடுத்த வடவன்னூர் என்பதனால், பாலக்காட்டுக்காரர்கள் அவரை விட்டுக்கொடுப்பதில்லை. ஆஸ்திகர் ஒருவர், நாஸ்திகர் ஒருவர், மூகாம்பிகையைத் தொழுது வந்த நடிகர் ஒருவர். மூவருக்கும் ஒரே மாதம்.

இவர்களோடு நான்காவதாக ஒரு பெண்ணையும் சேர்த்தாக வேண்டும். மூணாறில் சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு மேலே, சரிவேறினால் பழைய கல்லறைகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது, தேயிலைத் தோட்ட நிர்வாகி ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் மனைவி இஸபெல் மேயினுடையது. மணமாகி இந்த மலைக்கு வந்த சிறிது காலத்திலேயே காலரா கண்டு, 1894 டிசம்பர் 23-ஆம் தேதி அவள் இறந்தாள். உலாவப் போன ஒரு மாலையில், தான் இறந்தால் இந்தக் குன்றிலேயே புதைக்கும்படி கணவனிடம் அவள் வேடிக்கையாகச் சொன்னதாக ஊரில் சொல்லுவார்கள். தேவாலயம் எழுந்ததோ 1910-ஐ ஒட்டித்தான். கோயில் கட்டி அதன் நிழலில் மயானம் அமைவது உலக வழக்கம், இங்கே மயானம் முந்திக்கொண்டது. கல்லில் பாசி படிந்திருக்கிறது. மார்கழிக் காலையில் அதன்மேல் கை வைத்தால் பனி விரலில் ஒட்டும்.

நான்கு பேரும் தட்சிணாயனத்தில் போனவர்கள் என்று பஞ்சாங்கம் சொல்லும். ஆனால் வானத்தைக் கேட்டால் விடை வேறு. நாம் தை முதல் நாளை உத்தராயண புண்ணியகாலம் என்று கொண்டாடினாலும், சூரியன் மெய்யாகவே தெற்கெல்லையைத் தொட்டு வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 தேதிகளில். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதனால் ராசிகளுக்கும் அயனத்துக்கும் இடையே ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகல் ஏற்பட்டு, இன்று அது 24 பாகையை எட்டியிருக்கிறது. இரண்டும் ஒத்திருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன். ஆகவே 23-ஆம் தேதி போன இஸபெல்லும், 24-இல் போன பெரியாரும் எம்.ஜி.ஆரும், 25-இல் போன ராஜாஜியும் பஞ்சாங்கத்தின்படி இருட்டிலும், சூரியனின்படி வெளிச்சத்திலும் போனவர்கள். திண்ணைப் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால், பத்து நாளுக்காக அங்கலாய்த்தது வீண் என்று சிரித்திருப்பார்களோ, ஆங்கிலப் படிப்பின் விஷமம் என்று என்னைக் கடிந்திருப்பார்களோ, அறியேன்.

எந்த அயனத்தை எடுத்துக்கொண்டாலும் அதை உயிரின் கதிக்கு அளவுகோலாக்குவதில் சங்கடம் உண்டு. மகாத்மா காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30, ஐயமற்ற உத்தராயணம். காலமே கதியைத் தருமாயின், கொலைகாரன் அவருக்குப் புண்ணியகாலம் பார்த்துக் கொடுத்தான் என்றல்லவா கொள்ள நேரும்? அப்படி ஓர் உபகாரத்தை அவன் பெயரில் வரவு வைக்க எந்தச் சாஸ்திரியும் உடன்படமாட்டார். சைவரைக் கேட்டால், சுந்தரமூர்த்தி நாயனார் கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றது ஆடி மாதத்துச் சுவாதியில் என்பார்கள். தட்சிணாயனத்தின் முதல் மாதம் அது. அந்த நாளில் கோவைப் பக்கத்து அடியார்கள் வாளையாறு கடந்து எங்கள் ஊர் வழியாகத்தான் அவ்விடம் போகிறார்கள். அயனத்தைப் பற்றி அவர்களில் ஒருவரும் கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

இந்தச் சங்கடத்தை முன்னோர் உணராதவர்கள் அல்லர். இடுக்கி மலைகளில் பெருகி இறங்கும் பெரியாற்றின் கரையில், காலடியில் பிறந்த சங்கரர், பிரம்மசூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்துக்குப் பாஷ்யம் செய்யுமிடத்தில் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார். ஞானமடைந்தவன் தட்சிணாயனத்தில் இறந்தாலும் பலனை அடைகிறான் என்பது சூத்திரம். அப்படியானால் பீஷ்மர் காத்திருந்தது ஏன் என்ற கேள்விக்கு, உலகோர் ஆசாரத்தைப் பேணுவதற்காகவும், தந்தையின் வரத்தினால் தாம் விரும்பியபோது இறக்க வல்லவர் என்பதைக் காட்டுவதற்காகவும் என்று அவர் விடை தருகிறார். பகல், வளர்பிறை, உத்தராயணம் என்று உபநிஷதம் அடுக்குபவை காலப் பெயர்கள் அல்ல, உயிரை வழிநடத்தும் தேவதைகளின் பெயர்கள் என்பதும் அவர் கொண்ட முடிவு. அத்வைதத்தில் அவரோடு உடன்படாத ராமாநுஜரும் இந்தச் சூத்திரத்தில் வேறுபடவில்லை. பீஷ்மரின் 58 இரவுகளைக் கண்ணீரோடு கேட்டவனுக்கு, அது ஊருக்காக நடத்திய அனுஷ்டானம் என்று கேட்கும்போது முதலில் ஓர் ஏமாற்றம் தட்டத்தான் செய்கிறது. ஆனால் யோசிக்க யோசிக்க, வலியோடு கிடந்த ஒரு கிழவர் தமக்கு வேண்டாத ஒன்றைப் பிறர் நிமித்தமாகச் செய்தார் என்பது, தமது கதிக்காகச் செய்தார் என்பதைக் காட்டிலும் பெரிதாகவே எனக்குப் படுகிறது.

ஆக, மாதமும் திதியும் இருப்பவர்களுக்கு உரியவை. பாலக்காட்டில் ஒரே நாளில் நான்கு வீடுகளில் சாவு நேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐயர் வீட்டில் அடுத்த ஆண்டு மாதம், பட்சம், திதி பார்த்துச் சிராத்தம் செய்வார்கள். நாயர் வீட்டில் நட்சத்திரம் பார்ப்பார்கள். கிறிஸ்தவர் வீட்டில் ஆங்கிலத் தேதி. முஸ்லிம் வீட்டில் ஹிஜ்ரி கணக்கு. ஒன்றாகப் போன நால்வரை நான்கு வெவ்வேறு நாட்களில் அழைப்பார்கள். சிராத்தத்தன்று வாத்தியார் சங்கல்பத்தில் அயனம், ருது, மாசம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று இறங்கி இறங்கி வந்து, கோத்திரத்தையும் பெயரையும் தொடும்போது, கடிதத்தின் மேலுறையில் நாட்டிலிருந்து தெரு வரை விலாசம் எழுதுவது போன்றே எனக்குத் தோன்றும்.

விலாசம் எழுத ஆள் இல்லாவிட்டால்? 2020 ஆகஸ்ட் 6, ஆடி மாதம், தேய்பிறை. மூணாறை அடுத்த ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், பெருமழையின் நடுவே இரவில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின்மேல் விழுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தபடியால் செய்தி வெளியே எட்ட மறுநாள் காலை ஆயிற்று. மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பத்தார். தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி அலைந்த நாய் ஒன்று, பல நாள் கழித்து ஆற்றோரத்தில் அதன் உடலைக் காட்டிக் கொடுத்தது. நால்வர் கிடைக்கவே இல்லை. வெவ்வேறு நட்சத்திரங்களில் பிறந்த எழுபது உயிர்களுக்கு ஒரே இரவு. அதைப் பற்றி 'இன்னும் சில மாதம் இருந்திருந்தால் உத்தராயணம்' என்று சொல்ல எந்தத் திண்ணைக்கும் நா எழவில்லை. சில வீடுகளில், கொள்ளி வைக்க வேண்டியவனும் வைக்கப்பட வேண்டியவனும் ஒரே மண்ணுக்குள் போனார்கள். இறந்த திதி தெரியாதவனுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று சாஸ்திரம் இடம் கொடுக்கிறது. திதி தெரிந்தும் செய்பவனே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது?

சென்ற ஆடி அமாவாசையன்று கல்பாத்திப் புழையில் இறங்கினேன். மழைநீர் கலங்கலாக, படியின் மூன்றாவது கல்வரை ஏறி ஓடிக்கொண்டிருந்தது. தந்தை வழி மூவர், தாய் வழி மூவர், அவரவர் பத்தினிகள் என்று பெயரும் கோத்திரமும் சொல்லி எள்ளும் நீரும் விட்டு முடிந்ததும், வாத்தியார் தர்ப்பைக் கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். தாயும் இன்றி, தந்தையும் இன்றி, உறவும் நட்பும் இன்றிப் போனவர் எவரோ அவர்கள் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தியடையட்டும் என்ற பொருளுடைய மந்திரம் அது. நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதில் மாதம் வருவதில்லை, திதி வருவதில்லை, பெயரும் வருவதில்லை. அவிழ்ந்த தர்ப்பைகள் விரலுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடந்தன. கையைச் சாய்த்து நீரை விட்டேன். அடுத்தவருக்கு இடம் விட்டுப் படியேறும்படி வாத்தியார் அவசரப்படுத்தினார்.