யாரும் காணாத கை

மருத்துவமனையில் நர்ஸாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் அண்மையில் ஒரு மஸ்அலா கேட்டார்: "ஒளூவுடன்தான் வேலைக்குப் போகிறேன். ஆயினும் ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். வேலை நெருக்கடியில் சில வேளை விட்டுவிடுகிறேன். எவருக்கும் தீங்கு நினைக்காத என்மீது குற்றமுண்டா?"

ஒளூ தொழுகைக்குரிய சுத்தம். அதன் சட்டம் வேறு. நோய்க்கிருமி பரவும் வழி வேறு. கட்டிலின் கம்பியைத் தொட்டால் ஒளூ முறியாது. ஆனால் அந்தக் கம்பியிலுள்ள கிருமி கைக்கு ஏறி, அடுத்தவரின் புண்ணுக்குப் போய்ச் சேரும். கையுறையை மாற்றாமல் அடுத்தவரிடம் போனாலும் இதே நிலைதான். கையில் தடவும் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதே என்றும் தயங்க வேண்டாம். கிருமியைக் கொல்ல அதை வெளிப்புறமாகப் பயன்படுத்துவது ஆகுமானது என்று 2002ஆம் ஆண்டு மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை கூறியுள்ளது.

இனி, "தீங்கு நினைக்கவில்லையே" என்பதைப் பார்ப்போம். வியன்னா பொது மருத்துவமனையில் அன்று இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவச்சிகள் கவனித்த பகுதியைவிட, மருத்துவர்களும் மாணவர்களும் கவனித்த பகுதியில் தாய்மார்கள் மிக அதிகமாகக் காய்ச்சல் கண்டு மாண்டனர். பிரேதத்தை அறுத்துப் பரிசோதித்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டுகொண்டார். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் எல்லோரையும் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

அதற்கு முன் கழுவாதவர்கள் அறியாதவர்கள். அறியாமைக்கு மன்னிப்புண்டு. விஷயம் தெரிந்த பின்னும் மறுத்த மருத்துவர்கள் இருந்தார்களே, அவர்கள் நிலை என்ன? அவர்களும் யாரையும் கொல்ல நினைக்கவில்லைதான். ஆனால் அந்தத் தாய்மார்களின் உயிர் அவர்கள் கையில் அமானிதம். அமானிதத்தை அலட்சியத்தால் கெடுத்தவர், "கெடுக்க எண்ணவில்லை" என்று சொல்லித் தப்ப முடியுமா?

தண்ணீரும் சோப்பும் வைக்காமல், ஒருவர் தலையில் நால்வர் வேலையைச் சுமத்தும் நிர்வாகத்திற்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு, அதிகாரமும் அமானிதமே. எனினும் தம்மால் இயன்றதை விட்டவருக்கு அது சாக்காகாது.

கண்காணிப்பவர் அருகில் நின்றால் மருத்துவ ஊழியர்கள் அதிகம் கை கழுவுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிறர் பார்ப்பதற்காகத் தொழுவதை முகஸ்துதி என்கிறோம். பிறர் பார்ப்பதற்காக மட்டும் கழுவுவதை என்னவென்பது? நள்ளிரவு வார்டில் மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு, தம்மைத் தொடும் கை கழுவிய கையா என்பது தெரியாது. அவர் குணமடையாமல் போனால், காரணம் இந்தக் கைதான் என்று எவராலும் சொல்ல இயலாது. அந்த இடத்தில் அல்லாஹ் பார்க்கிறான் என்று கழுவுகிறாரே, அதுதான் இஹ்ஸான்.

சகோதரியே! விட்டதற்குத் தவ்பாச் செய்யுங்கள், இனி விடாதீர்கள். நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும் நாமும் கையைக் கழுவிக்கொண்டே அவர் கையைப் பற்றுவோமாக. மறைவிலும் அமானிதம் பேணுவோராக நம்மை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக. ஆமீன்.