வினாவுவோன் கடன்

தமிழிலே ‘கேள்’ என்னும் வினையடி மூன்று பொருள்களைத் தன்னகத்தே கொண்டது. செவியால் ஏற்றலும் கேட்டல். அறியாததை வினாவுதலும் கேட்டல். இல்லாததை ஒருவரிடம் வேண்டுதலும் கேட்டல். திருக்குறளின் 42 ஆம் அதிகாரம் ‘கேள்வி’ எனப் பெயர் பெற்றிருப்பினும், அது வினாவுதலைப் பற்றியதன்று. கற்றறிந்தோர் கூறுவதைச் செவிமடுத்தலைப் பற்றியது. இன்றைய வழக்கிலோ ‘கேள்வி’ என்றதும் வினாவே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஒரே சொல் இப்பொருள்கள் யாவற்றையும் சுமந்து நிற்பது சிந்தனைக்குரியது. வினாவுபவன் ஒருவகையில் இரப்பவன். பிறரது காலத்தையும் உழைப்பையும் அவன் வேண்டி நிற்கின்றான். வேண்டிப் பெற்றதைச் செவிமடுக்கும் பொறுப்பும் அவனையே சாரும். ஆகவே வினாவுதல் அறிவு சார்ந்த செயலாதலோடு ஒழுக்கவியல் சார்ந்த செயலுமாகின்றது. அச்செயலுக்குரிய கடன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

கி.பி. 13 ஆம் நூற்றாண்டினதெனக் கொள்ளப்படும் நன்னூலின் சொல்லதிகாரத்தில், பவணந்தி முனிவர் வினாவை 6 ஆக வகுத்துள்ளார். தான் அறிந்த பொருளை ஆசிரியர் மாணாக்கனிடம் வினவுவது அறிவினா. அப்பொருளை அறியாத மாணாக்கன் ஆசிரியரிடம் வினவுவது அறியாவினா. தொலைவில் நிற்பதைக் கண்டு, குற்றியோ மகனோ எனத் தெளியாது வினவுவது ஐயவினா. வணிகரிடம் பயறு உளதோ என வாங்கும் நோக்குடன் கேட்பது கொளல்வினா. ஆடையில்லாதவனுக்குக் கொடுக்கும் நோக்குடன் ஆடை இல்லையோ எனக் கேட்பது கொடைவினா. உண்டாயோ எனக் கேட்பதன்மூலம் உண்ணுமாறு தூண்டுவது ஏவல்வினா. இலக்கண ஆசிரியர் மொழியின் இயல்பை விளக்கவே இவ்வாறு வகுத்தாராயினும், இப்பகுப்பு ஒழுக்கவியல் ஆய்வுக்கும் துணைபுரிவது. ஆறு வினாக்களும் புறத்தே ஒரே வடிவின; அவற்றை வேறுபடுத்துவது வினாவுவோனின் உள்ளம். எனவே, தனது வினா எவ்வகையினது என்பதிற் பொய்யாமையே வினாவுவோனின் முதற்கடனாகும். ஆசிரியர் வினவும் அறிவினாவில் வஞ்சனை இல்லை. தான் சோதிக்கப்படுவதை மாணாக்கன் அறிவான். ஆனால், அவையொன்றில் எழுந்து, தனக்கு நன்கு தெரிந்ததொன்றைத் தெரியாதவன்போல் வினவி, உரையாற்றியவரைத் திணறச் செய்து மகிழ்பவன், அறிவினாவுக்கு அறியாவினாவின் வேடத்தைப் புனைகின்றான். விடை அவனுக்கு வேண்டுவதில்லை. அவன் நாடுவது மற்றவரின் தோல்வியையே.

இரண்டாவது கடன் ஐயவினாவை ஊன்றி நோக்குமிடத்துப் புலனாகும். குற்றியோ மகனோ என வினவுபவன் வெறுங்கையுடன் வந்தவனல்லன். அவன் உற்றுப் பார்த்திருக்கின்றான். உயரத்தையும் உருவத்தையும் கணித்திருக்கின்றான். விலக்கவேண்டியவற்றை விலக்கி இரண்டிலே வந்து நிற்கின்றான். விடையளிப்பவர்க்கு எஞ்சியிருப்பது ஒரு சொல் மாத்திரமே. “அஃது என்ன?” என்று மட்டும் கேட்பவனோ முழு உழைப்பையும் மற்றவர்மேற் சுமத்துகின்றான். “இச்செய்யுள் விளங்கவில்லை” என்று ஆசிரியரை அணுகும் மாணவனையும், “இச்சொல்லை முன்னடியோடு கூட்டுவதா, பின்னடியோடு கூட்டுவதா?” என்று அணுகும் மாணவனையும் ஒப்பிட்டு நோக்குக. முன்னவன் தன் இடர்ப்பாட்டை அறிவித்தான். பின்னவன் அவ்விடர்ப்பாடு எங்கேயுள்ளது என்பதையும் காட்டினான். பின்னவனின் வினாவிலே அவன் அகராதியைப் புரட்டிய நேரமும் உரையைப் படித்த நேரமும் அடங்கியுள்ளன. தன் அறியாமையை இயன்றவரை ஐயமாக மாற்றிக்கொண்டு வருதலே வினாவுவோன் செய்யத்தக்க உழைப்பாகும்.

இவ்வுழைப்பின் சிறப்பைப் பிரச்ன உபநிடதம் கதை வடிவில் உணர்த்துகின்றது. ‘பிரச்னம்’ என்பதற்கு வினா என்பதே பொருள். மெய்ப்பொருளை நாடிய அறுவர், கையிற் சமித்துடன் பிப்பலாத முனிவரை அணுகினர். அவர்கள் கல்லாதவர்களல்லர், முன்னரே அந்நெறியில் நின்றவர்கள். எனினும் முனிவர் உடனே விடை கூறத் தொடங்கவில்லை. தவமும் பிரமசரியமும் சிரத்தையும் உடையோராய் மேலும் ஓராண்டு தம்முடன் தங்குமாறும், அதன்பின் விரும்பியவற்றை வினவுமாறும் பணித்தார். அத்துடன், தாம் அறிந்திருப்பின் யாவற்றையும் கூறுவதாகவும் வாக்களித்தார். வினாவுவோர் ஓராண்டு உழைக்கவேண்டும். விடையளிப்போர் அறிந்ததை ஒளிக்கலாகாது, அறியாததை அறிந்ததுபோற் கூறவுமாகாது. இருதிறத்தார் கடனும் இவ்வேற்பாட்டில் ஒருங்கே அமைந்துள்ளன.

அறுவருள் இறுதியாக வினவிய சுகேசரின் கூற்று மேலும் கருதத்தக்கது. கோசல நாட்டு அரசகுமாரன் இரணியநாபன் என்பான் முன்னொருகால் அவரை அணுகிப் பதினாறு கலைகளையுடைய புருடனைப் பற்றி வினவினான். தமக்கு அது தெரியாதென்றும், தெரிந்திருப்பின் கூறாதிருப்பதற்குக் காரணமில்லை என்றும், பொய்யுரைப்பவன் வேரோடு உலர்ந்துபோவான் என்றும் சுகேசர் விடையிறுத்தார். அரசகுமாரன் வாளாது தேரேறிச் சென்றான். விடையளிக்க இயலாத அவ்வினாவைச் சுகேசர் மறந்தாரல்லர். அதனை உள்ளத்தே தாங்கிவந்து பிப்பலாதர்முன் வைத்தார். ‘தெரியாது’ என்ற சொல்லோடு தம் கடன் தீர்ந்ததாக அவர் கருதாமையே இங்கு போற்றத்தக்கது.

இனி, இக்கடன்களை வலியுறுத்துவதற்கு எதிராக வலுவான மறுப்பொன்று எழலாம். வினாவைச் செம்மையாக அமைப்பதற்கே ஓரளவு அறிவு வேண்டும். ஒன்றும் அறியாதவன் தன் அறியாமையை எவ்வாறு ஐயமாக மாற்றுவான்? வினாவுக்கு விதிகளை வகுப்பின், அறிவு பெரிதும் வேண்டப்படுபவனே வாயிலிற் தடுக்கப்பட மாட்டானா? கிரேக்க மெய்யியலிலும் இச்சிக்கல் வேறொரு வடிவில் எழுந்தது. பிளேட்டோவின் ‘மீனோ’ என்னும் உரையாடலில், ஒருவன் தான் சிறிதும் அறியாததை எவ்வாறு தேடுவான் என மீனோ வினவுகின்றான். சோக்கிரட்டீஸ் அவனது அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, 2 அடிப் பக்கமுடைய சதுரத்தை வரைந்து, அதன் பரப்பை இருமடங்காக்கும் சதுரத்தின் பக்கம் யாதென வினவுகின்றார். 4 அடி என்கின்றான் சிறுவன், பரப்பு நான்மடங்காகிவிடுகின்றது. 3 அடி என்கின்றான், அதுவும் பொருந்தவில்லை. இறுதியில் தனக்குத் தெரியவில்லை என ஒப்புக்கொள்கின்றான். சிறுவன் முன்னிருந்த நிலையிலும் இப்போது மேலான நிலையில் இருப்பதாகச் சோக்கிரட்டீஸ் கருதுகின்றார். பின்னர் மேலும் வினவிச் சென்று, மூலைவிட்டமே வேண்டிய பக்கமென அவனைக் காணச் செய்கின்றார். தானே ஐயத்தை அடைய இயலாத ஒருவனை, பிறர் வினாக்களால் அதனிடம் அழைத்துச் செல்லலாம் என்பது இதனாற் பெறப்படும். நன்னூலார் கூறும் 8 வகை விடைகளுள் வினா எதிர் வினாதலும் ஒன்று. புத்தர் வினாக்களை நால்வகைப்படுத்தியதாகக் கூறும் அங்குத்தர நிகாயமும், எதிர்வினாவால் விடையளிக்கத்தக்கவற்றை ஒரு வகையாகக் கொள்கின்றது. செம்மையற்ற வினாவுடன் வருபவனை எள்ளித் துரத்துதல் எளிது. எதிர்வினாவால் அவ்வினாவைச் செம்மைப்படுத்துதல் அறிந்தோன் கடன். அறியாமை குற்றமன்று, இயன்றும் உழையாமையே குற்றம். இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாத ஒழுங்குமுறை எதுவும் அறமாகாது.

வினா ஒழுங்கு என்னும் பெயரால் அதிகாரம் தன்னைக் காத்துக்கொள்வதும் உண்டு. பிருகதாரணியக உபநிடதத்தில், ஒவ்வோர் உலகும் எதன்மீது நெய்யப்பட்டுள்ளது எனக் கார்க்கி அடுக்கடுக்காக வினவிச் சென்றபோது, எல்லை மீறி வினவினால் அவளது தலை வீழும் என யாஞ்ஞவல்கியர் எச்சரித்தார். அவள் அமைந்தாள். ஆயின் அதே அவையில் மீண்டும் எழுந்து, அவையோரின் இசைவுடன் இரண்டு வினாக்களை மட்டும் தொடுத்தாள். அவற்றை வில்லேந்திய வீரனின் இரு கணைகளுக்கு ஒப்பிட்டாள். இம்முறை அவளுக்கு விடை கிடைத்தது. வரம்பற்ற வினாத்தொடரினும் வரையறுத்த வினாவே பயன்தரும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அச்சுறுத்தல் ஒருபோதும் விடையாகாது என்பதும் உடன் நினைக்கத்தக்கது. பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஞாவில் இதன் மறுபக்கம் காணப்படுகின்றது. கி.மு. 2 ஆம் நூற்றாண்டினனான கிரேக்க மன்னன் மிலிந்தனுடன் உரையாடத் தொடங்குமுன், அறிஞர் முறையில் உரையாடுவதாயின் தாம் இசைவதாகவும், அரசர் முறையிலாயின் இசையமாட்டாரென்றும் நாகசேனர் தெரிவித்தார். அறிஞர் பிழை காட்டப்பட்டாலும் சினவார். அரசரோ மறுத்தோரைத் தண்டிப்பர். அதிகாரம் விடையளிப்போரிடமிருப்பினும் வினாவுவோரிடமிருப்பினும், அது விலகியிருக்கும் இடத்திலேயே வினா உண்மையான வினாவாக இருத்தல் கூடும்.

இறுதியாக, விடை பெற்றபின்னும் ஒரு கடன் எஞ்சுகின்றது. நன்னூலார் கடைமாணாக்கரை வகைப்படுத்துமிடத்து ஓட்டைக்குடத்தையும் உவமையாக்குகின்றார். பெற்ற விடையை ஒழுகவிட்டு, மறுநாளும் அதே வினாவுடன் வருபவன் அத்தகையவன். அந்நூலே கல்வி நிரம்பும் வழியையும் கணக்கிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொள்பவனும் காற்பங்கு புலமையையே பெறுவான். உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கு கூடும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிரம்பும். இக்கணக்கின்படி, விடையைத் தன்னுள்ளே பூட்டி வைப்பவன் அதன் பெரும்பகுதியைத் தானே இழக்கின்றான். பொருளை இரந்து பெற்றவன் அதனைத் திருப்பிக் கொடுப்பின் கையிருப்பு குறையும். விடையைப் பெற்றவன் அதனைப் பிறர்க்கு அளிப்பின் தன் புலமையும் வளரக் காண்பான்.

நோக்கத்திற் பொய்யாமை, அறியாமையை ஐயமாக்கும் உழைப்பு, பெற்றதைப் பிறர்க்கு வழங்கல் என்பன வினாவுவோன் கடன்கள். அறிந்ததை ஒளியாமை, அறியாததை ஒப்புக்கொள்ளல், தடுமாறுவோனுக்கு எதிர்வினாவால் வழிகாட்டல் என்பன விடையளிப்போன் கடன்கள். இன்று வினாவுபவனே நாளை விடையளிப்பவன். பிப்பலாதரின்முன் அமர்ந்து தன் ஆறாம் வினாவுக்கு விடை பெற்ற சுகேசர், அரசகுமாரனுக்கு இன்னும் விடை கூறவேண்டியவராகவே எழுந்திருப்பார்.