யாரால் வந்தது? எதனால் வந்தது?



இந்த மாதம் சபையார் முன்பாக ஒரு கேள்வியை வைக்கும்படி உள்ளத்தில் ஏவப்பட்டு இதை எழுதுகிறேன். இதைச் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளலாம், பாவ அறிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம். பெற்ற தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு வேதனை வந்து, அதன் காரணம் யாருக்கும் தெரியாமல் போனால், விசுவாசியாகிய பிள்ளை என்ன செய்ய வேண்டும்? காரணத்தைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவது அவிசுவாசமா?

என் தாயார் இருப்பது திண்டிவனத்தில். நான் வேலை நிமித்தமாக விழுப்புரத்தில் இருக்கிறேன். மணிலாக் கொல்லையில் களையெடுத்து எங்களை வளர்த்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னே, "உள்ளங்கால்ல தணலைக் கொட்டின மாதிரி காந்துதுடா" என்றார்கள். முதலில் உடம்புச் சூடு என்று நினைத்தோம். விளக்கெண்ணெய் தடவினோம், மருதாணி அரைத்துப் பூசினோம். எரிச்சல் கணுக்கால் வரைக்கும் ஏறியது. ஊசி குத்துகிற மாதிரி, மின்சாரம் பாய்கிற மாதிரி வலி. பகலில் எப்படியோ ஓட்டிவிடுவார்கள். ராத்திரி ஆனால் போர்வை பட்டாலும் தாங்காது. எழுந்து போய் வெறும் சிமெண்டுத் தரையில் காலை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு டாக்டர், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினார். இன்னொரு இடத்தில் நரம்புக்கு டெஸ்ட் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்ல, மனசுதான் காரணம்" என்றார்கள். உறவுக்காரர்கள் செய்வினை என்றார்கள். சபையிலோ சிலர் மெதுவாக, "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்குதா பாருங்க" என்றார்கள்.

பிரியமானவர்களே, இங்கேதான் நான் என் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். மற்றவர்கள் கேட்டதை நானும் கேட்டேன். ஒரு நாள் ஜெபம் முடிந்ததும், "அம்மா, நீ யாரையாவது மன்னிக்காம இருக்கியா?" என்றேன். அவர்கள் தலைகுனிந்து அழுதார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தின ஒரு குடும்பச் சண்டையைச் சொல்லி, அன்றைக்கே போய் அந்த உறவினரிடம் ஒப்புரவாகி வந்தார்கள். ஒப்புரவானது நல்ல காரியம்தான். ஆனால் எரிச்சல் போகவில்லை.

அடுத்த உபவாசக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்று சாட்சி சொன்னார்கள். சபையே கரம்தட்டித் துதித்தது. நானும் துதித்தேன். அன்றிரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், அம்மா இருட்டில் காலுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பொய்ச் சாட்சி சொல்லிட்டேன்டா. அத்தனை பேர் ஜெபிச்சாங்க, இன்னும் போகலைன்னு எப்படிச் சொல்றது? என் விசுவாசத்துலதான் குறைன்னு நினைப்பாங்களே" என்றார்கள்.

அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்திற்று. என் தாயின் வேதனையோடுகூட ஒரு வெட்கத்தையும் சுமக்க வைத்தது யார்? சத்துரு மாத்திரமா? நானும்தான்.

இரண்டு கேள்விகள்

அதன்பின் வேதத்தைத் திறந்து யோபுவை வாசித்தேன். அவன் 30ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில் சொல்லுகிற வேதனையைப் பாருங்கள். இராத்திரியில் எலும்பைத் துளைக்கிற நோவு, ஓய்வில்லாத நரம்புகள். 30ஆம் வசனத்தில் எலும்பு வரைக்கும் எரிகிற உஷ்ணம். என் அம்மா சொன்னதும் இதுதானே! அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் வாய் திறவாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அது வரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்ததும், "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் யார்மேல் மூண்டது? புலம்பின யோபுவின்மேல் அல்ல, காரணம் தெரிந்தவர்கள் மாதிரிப் பேசின அந்தச் சிநேகிதர்கள்மேல்தான் (யோபு 42:7).

யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்களும் பிறவிக் குருடனைப் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். குற்றம் அவனுடையதா, பெற்றோருடையதா என்று. ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டார். ஆனால் மாற்கு 9:21ஐக் கவனியுங்கள். அலைக்கழிக்கப்பட்ட மகனைத் தகப்பன் கொண்டுவந்தபோது, எல்லாம் அறிந்த ஆண்டவரே, இது எத்தனை காலமாக இருக்கிறது என்று விசாரிக்கிறார். தகப்பன் சிறு வயது முதல் நடந்ததைச் சொல்லுகிறான், ஆண்டவர் கேட்கிறார். ஒரு நல்ல வைத்தியர் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான் அல்லவா?

ஆகவே "ஏன்?" என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, "இது யாரால் வந்தது?" அது குற்றவாளியைத் தேடுகிற கேள்வி. மற்றொன்று, "இது எதனால் வந்தது?" அது வேதனைப்படுகிறவருக்கு உதவியைத் தேடுகிற கேள்வி. முதலாவது கேள்வி என் தாயின் வாயை அடைத்தது. இரண்டாவது கேள்வி அந்த வாயைத் திறந்தது.

ஆசா ராஜா செய்த தவறு

"அப்படியானால் 2 நாளாகமம் 16:12 என்ன சொல்லுது பிரதர்?" என்று சிலர் கேட்பீர்கள். ஆசா ராஜாவுக்கும் கால்களில்தான் வியாதி. அவன் பரிகாரிகளிடம் போனான் என்று வேதம் குறை சொல்லுகிறதே? முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். அவன் கர்த்தரை விட்டு சீரியா ராஜாவை நம்பினான், கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான், ஜனங்களில் சிலரை ஒடுக்கினான். கர்த்தரைத் தேடாமல் போனதுதான் குற்றம். வைத்தியம் செய்வதே பாவமாயிருந்தால், எசேக்கியாவின் கட்டியின்மேல் அத்திப்பழத்தை வைத்துக் கட்டும்படி ஏசாயா தீர்க்கதரிசி ஏன் சொன்னார்? லூக்கா வைத்தியனைப் பவுல் ஏன் பிரியமானவன் என்று எழுதினார்?

நம்முடைய திண்டிவனத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1890ல் ஐடா ஸ்கடர் என்ற வாலிபப் பெண், தன் தாயார் சுகவீனமாயிருந்தபடியால் உதவிக்காக அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்தார். தகப்பனார் மிஷனரி மருத்துவர். ஒரே இரவில் மூன்று பேர், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மேல்சாதி இந்து ஒருவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிக்கு உதவ ஐடாவை அழைத்தார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்களுக்கு மனமில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த இரவின் போராட்டத்துக்குப் பின் ஐடா எடுத்த தீர்மானம், டாக்டராகித் திரும்பி வருவது. 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1902ல் வேலூரில் ஆஸ்பத்திரி திறந்தார், 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. அந்த இரவுக்குத் தேவன் கொடுத்த பதில் ஒரு ஆஸ்பத்திரியாக வந்தது. அதை அவிசுவாசம் என்போமா?

எரிச்சலுக்கும் காரணங்கள் உண்டு

பாத எரிச்சல் புதிய வியாதியுமல்ல, செய்வினையுமல்ல. 1826லேயே கிரியர்சன் என்பவர் சுதேசிகளின் பாத எரிச்சலைக் குறித்துக் கல்கத்தாவில் எழுதியிருக்கிறார். சேலத்தில் 1918ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1946ல் இதை ஆராய்ந்து எழுதினார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்து இந்த நோயை அழைக்கிறார்கள். உணவில் பி வைட்டமின் சத்துகள் குறைவதோடு இதற்குச் சம்பந்தம் உண்டு என்று காணப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதிகளாயிருந்த போர்வீரர்களுக்கும் இதே எரிச்சல். ராத்திரியெல்லாம் தூங்காமல் தவித்தார்கள். அவர்கள் தின்றதோ தீட்டிய அரிசி, அதுவும் கொஞ்சம். அது யார் செய்த பாவம் என்று அவர்களிடம் போய்க் கேட்போமா?

இன்றைக்கு நம் நாட்டில் முக்கியமான காரணம் சர்க்கரை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் பி12 குறைவு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, குடி, தொழுநோய், சில டி.பி. மாத்திரைகள் என்று பல காரணங்கள் உண்டு.

டெஸ்ட் நார்மல் என்றால் வலி பொய் என்றும் அர்த்தமில்லை. சாதாரணமாகச் செய்கிற நரம்பு டெஸ்ட், தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டுபோவது மிக மெல்லிய இழைகள். அவை கெட்டிருந்தாலும் அந்த டெஸ்டில் தெரியாது. இதை எனக்கு விளக்கினவர், கடைசியாக நாங்கள் பார்த்த ஒரு பெண் மருத்துவர். அவர் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எத்தனை நாளா இருக்குது? என்ன சாப்பிடுறீங்க? என்ன மாத்திரை போடுறீங்க?" என்று முதலிலிருந்து கேட்டார். அம்மா மூன்று வருஷத்தில் முதல்முறையாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அம்மா பதினொரு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறவர்கள். அது நல்ல மாத்திரைதான், ஆனால் பல வருஷம் எடுத்தால் சிலருக்கு பி12 சத்து குறையும். அந்தச் சத்து கறி, மீன், முட்டை, பாலில்தான் கிடைக்கும். அம்மாவோ அதிகமாகச் சாப்பிட்டது கஞ்சியும் ஊறுகாயும். ரத்தத்தைப் பார்த்தபோது பி12 மிகவும் குறைவு. ஊசி போட்டார்கள். (நீங்களாக யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.)

பதில் பாதியாக வந்தால்?

இப்போது என் அம்மாவுக்கு மரமரப்பு குறைந்திருக்கிறது. எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதி இருக்கிறது. "சர்க்கரையாலயா, வேற எதனாலயான்னு முழுசா சொல்ல முடியல" என்று அந்த மருத்துவர் உண்மையைச் சொன்னார். எல்லா டெஸ்டும் எடுத்த பிறகும் காரணம் தெரியாதவர்கள் அநேகர் உண்டாம். அவர் தெரியாது என்று சொன்னது எனக்கு ஆறுதலாயிருந்தது. தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லித்தானே நான் என் தாயைக் காயப்படுத்தினேன்!

பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை வந்தது. துரோப்பீமுவை வியாதிக்காரனாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். அவர்கள் விசுவாசத்தில் யார் குறை சொல்லுவது? நம் தேவன் இன்றைக்கும் அற்புதம் செய்கிறவர். நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மாவுக்காக இன்னும் பூரண சுகம் கேட்டு ஜெபிக்கிறேன். ஆனால் தேவனுக்கு மகிமை சேர்க்க நம்முடைய பொய் தேவையில்லை. "இன்னும் எரியுது, இன்னும் ஜெபியுங்க" என்பதும் சாட்சிதான்.

ஆகையால் சபையாருக்கு என் தாழ்மையான வேண்டுகோள். வியாதியஸ்தரிடம் பாவத்தை விசாரிக்குமுன் எத்தனை நாளாக வலிக்கிறது என்று விசாரியுங்கள். சுகமாகாதவர்களும் எழுந்து பேசக் கூட்டத்தில் இடம் கொடுங்கள். பெற்றோர் வலிக்கிறது என்றால், காகிதத்தில் இல்லாவிட்டாலும் நம்புங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையைப் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. எரிகிற கால் போகப் போக மரத்தும் போகலாம். கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிள்ளையாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். விரல்களை நோய் தின்றுவிடுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களால்தான் அவை அழிகின்றன என்று கண்டறிந்தார். மரத்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சுடுவது தெரியாமல் வெந்துவிடும். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

இப்போது சனிக்கிழமைதோறும் திண்டிவனம் பஸ் ஏறுகிறேன். ராத்திரி அம்மாவின் காலைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துத் துடைத்துவிடுகிறேன். ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவினார் என்று எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். போன வாரம் அம்மா, "இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்டா" என்றார்கள். என்னிடம் மறைக்கவில்லை. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன்.

ஜெபிப்போம். அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பெற்றோரின் வேதனையை நீர் அறிவீர். தெரியாததைத் தெரியும் என்று பேசின எங்கள் நாவுகளை மன்னியும். காரணத்தைத் தேட ஞானம் தாரும், கிடைக்காவிட்டால் கூட உட்கார்ந்திருக்கப் பொறுமை தாரும். சுகமாக்கும் உம்முடைய கரம் அவர்களைத் தொடட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.